கோடை வந்ததும் வேகம் எங்கே போகிறது?

கேள்வி இதுதான். கேட்டவருக்கு வயது 47. குளிர்காலம் முழுக்க 25 மீட்டர் உள்ளரங்கக் குளத்தில் வயது வந்தோருக்கான ஒரு மாஸ்டர்ஸ் குழுவோடு நீந்தியிருக்கிறார். கோடை தொடங்கியதும் பயிற்சி 50 மீட்டர் திறந்தவெளிக் குளத்துக்கு மாறிவிட்டது. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு ஏழெட்டு விநாடி கூடிப்போய்விட்டது, கரையேறினால் தலைவலி, நாள் முழுக்க அசதி. "பதக்கத்துக்காக இல்லாமல் ஆசைக்காக நீந்துகிறவர்கள் கோடையை எப்படி ஓட்டுகிறார்கள்? கோடைக் கடைசியில் ஒரு போட்டி இருக்கிறது, அதற்குப் பெயர் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

குளிர்காலத்தில் சேர்த்த தெம்பு எங்கும் போய்விடவில்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். அந்த ஏழெட்டு விநாடியைக் குளத்தின் நீளமும் தண்ணீரின் சூடும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. பொழுதுபோக்காக நீந்துகிறவர்கள் பலர் கோடையில் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். வெயில்தான் காரணம் என்பார்கள். குளிர்கால நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு கோடையில் கடிகாரத்தைப் பார்த்து மனம் விட்டுப்போவதுதான் உண்மைக் காரணம் என்பது என் எண்ணம்.

நீளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்த மூன்று முறை திரும்புகிறோம். 50 மீட்டரில் ஒரே முறை. 1500 மீட்டர் என்றால் அங்கே 59 டர்ன், இங்கே 29. சுவரை உதைத்துக் கிளம்பும் ஒவ்வொரு முறையும், கையால் இழுத்து நாம் எட்டக்கூடிய வேகத்தைவிட அதிக வேகத்தில் நாலைந்து மீட்டர் சும்மா வழுக்கிக்கொண்டு போகிறோம். தோளுக்கு அந்த நேரம் ஓய்வும்கூட. அதில் பாதிக்கு மேல் கைவிட்டுப்போனால் நேரம் கூடத்தானே செய்யும்? உலகச் சாதனைகளையே இரண்டு குளங்களுக்கும் தனித்தனிப் பட்டியலாகத்தான் வைத்திருக்கிறார்கள். டர்ன் நன்றாகப் போடுகிறவருக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாக உறைக்கும், ஏனென்றால் ஒவ்வொரு சுவரிலும் கிடைக்கும் அந்த நீண்ட நீரடி இழுப்பு பாதியாகிவிடுகிறது.

இன்னொரு விஷயம், சுவர் அடிக்கடி வந்துகொண்டிருந்தவரை மறைந்திருந்த குறைகள் நீளக் குளத்தில் வெளியே வரும். 30 மீட்டருக்குப் பிறகு முழங்கை தாழ்கிறது, இடுப்பு இறங்குகிறது, மூச்செடுக்கத் தலையைத் தூக்க ஆரம்பிக்கிறோம். இதைக் கண்டுபிடிக்கக் கேமரா தேவையில்லை. 8 முறை 50 மீட்டர் நீந்துங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை கை போடுகிறீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். முதல் 50-ல் 46 கை, கடைசி 50-ல் 54 கை, நேரமும் மோசம் என்றால், மூச்சு தீர்வதற்கு முன்பே உங்கள் ஸ்ட்ரோக் உடைந்துவிடுகிறது என்று பொருள். கோடை முழுக்க வேறு எதையும் திருத்தாமல் அந்த 54-ஐ 50-க்குக் கொண்டுவந்தாலே பெரிய காரியம்.

இனி சூடு. போட்டிக் குளத்தின் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது வேர்ல்டு அக்வாட்டிக்ஸ் அமைப்பின் விதி (முன்பு ஃபினா என்று அறியப்பட்டது இதுதான்). திறந்தவெளிக் குளம் கடுங்கோடையில் 30-ஐச் சுலபமாகத் தாண்டும். இரண்டு மூன்று டிகிரிதானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே காற்றில் நாம் கண்டுகொள்ளாத வித்தியாசம் தண்ணீரில் உடனே தெரிந்துவிடும்.

நீந்தும்போது உடம்பு எரிக்கும் சக்தியில் நம்மை முன்னால் தள்ளுவது சிறு பங்குதான். பெரும்பங்கு வெப்பமாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. ஓடுகிறவருக்கு வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். நீந்துகிறவருக்கும் வியர்க்கத்தான் செய்கிறது, ஆனால் தண்ணீருக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை. தோலிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் போவது ஒன்றுதான் பாதை. தண்ணீரின் சூடு தோலின் சூட்டை நெருங்க நெருங்க அந்தப் பாதை அடைபடுகிறது. உடம்பு என்ன செய்யும்? வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்பும். தசைக்குப் போக வேண்டிய பங்கு குறையும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். குளிர்காலத்தில் சுகமாக நீந்திய வேகம் இப்போது மூச்சு முட்டுவது இதனால்தான். உங்கள் பக்கம் தவறு ஏதும் இல்லை.

தலைவலிக்கு வருகிறேன். கழுத்தளவு தண்ணீரில் இறங்கியதுமே நீரின் அழுத்தம் கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ரத்தத்தை மார்புக்குத் தள்ளுகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் எடுத்துக்கொண்டு, அதைக் குறைக்கச் சிறுநீரகத்துக்குச் சொல்லி அனுப்புகிறது. பயிற்சியின் நடுவில் அடிக்கடி சிறுநீர் முட்டுவது இதன் விளைவு. ஒருபக்கம் இப்படி, மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத வியர்வை. ஒரு மணி நேரத்தில் கணிசமாக நீர் இழந்திருப்பீர்கள், ஆனால் உடம்பெல்லாம் ஈரமாக இருப்பதால் தாகமே தோன்றாது. வயது ஏற ஏறத் தாக உணர்ச்சியும் முன்பு போல வேலை செய்வதில்லை. லேன் முனையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்து, ஒவ்வொரு செட்டுக்கும் (ஓய்வு விட்டுத் திரும்பத் திரும்ப நீந்தும் தொகுப்பு) நடுவில் இரண்டு மூன்று வாய் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கொஞ்சம் உப்புச் சத்தும் சேர்ந்த பானம் நல்லது. சந்தேகம் இருந்தால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாக்கி வைத்திருக்கிறீர்கள். அதற்காக ஒரேயடியாக லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கவும் வேண்டாம், ரத்தத்தில் சோடியம் தாழ்ந்துபோகும்.

தலைவலிக்கு மற்ற இரண்டு சந்தேகங்களும் உண்டு. ஒன்று, இறுக்கிப் போட்ட காகிள்ஸ். இன்னொன்று சிலிக்கான் கேப். தடித்த சிலிக்கான் தலைச்சூட்டை வெளியே விடாது. கோடையில் மெல்லிய லேடக்ஸோ துணிக் கேப்போ போதும். குளத்து விதி அனுமதித்தால், தலைமுடியும் குட்டையாக இருந்தால், கேப்பே இல்லாமல் நீந்தலாம். இரண்டையும் மாற்றிப் பாருங்கள், சில நாட்களிலேயே எது காரணம் என்று தெரிந்துவிடும்.

எந்த நேரத்தில் நீந்துவது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். மாலையில் காற்று இறங்கிவிடும், வெயில் சாய்ந்துவிடும், சுகமாக இருக்கும் என்று ஆறு மணிக்குப் போவார்கள். வெயிலில் காய்ந்த தரை பொழுது சாய்ந்த பிறகும் சுடுவதுபோல, குளமும் பகல் முழுக்க வாங்கிய சூட்டை அப்படியே வைத்திருக்கும். தண்ணீர் மிகவும் குளிர்ந்திருப்பது விடியற்காலையில்தான். கடினமான செட் இருக்கிற நாளைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலைதான் வசதிப்படும் என்றால் அந்த நேரத்தை டிரில் (நுட்பப் பயிற்சி), டர்ன், ஸ்டார்ட் பழக ஒதுக்குங்கள். காலை பத்து மணிக்கும் பிற்பகல் நாலு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில், தோலைப் பார்த்தாலும் சரி, உடல் சூட்டைப் பார்த்தாலும் சரி, நீந்தாமல் இருப்பதே மேல்.

சரி, வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருக்கு இது எப்படி நடக்கிறது? கோடை நீச்சல்காரரின் நாள் முந்தின இரவே தொடங்கிவிடுகிறது. பை தயாராக வாசலருகில் இருக்கும். உள்ளே நீச்சல் சூட், காகிள்ஸ், துண்டு, பாட்டில், அலுவலக உடை. அலாரம் அடித்ததும் யோசிக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, யோசித்தால் படுத்துவிடுவோம். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், வயிற்றுக்கு லேசாக ஏதாவது. வெயில்கால இரவில் தூக்கம் சரியாக இருக்காது என்பதால் வாரத்தில் ஒரு காலை கட்டாயம் கெட்டுப்போகும். அந்த நாளில் வராதவரைக் குழுவில் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. தண்ணீரில் இருப்பது ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால். குளித்து, உடை மாற்றி வேலைக்குப் போய்ச் சேரும்வரை நெற்றியில் காகிள்ஸ் தடம் அழியாது. பத்தரை மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். மூன்று மணிக்குக் கண் சொக்கும். இதை அசதி என்று சொல்ல மாட்டேன், இது வழக்கமான விலை. அடுத்த நாள் காலை எழும்போதும் கைகால் கனமாக, நாடி வழக்கத்தைவிட வேகமாக இருந்தால் அதுதான் அசதி. அன்று ஓய்வு.

பயிற்சிக்குள் வருவோம். குளிர்காலத்தில் 5 முறை 200 மீட்டர் என்று போட்ட செட்டைக் கோடையில் 20 முறை 50 ஆக உடைத்துவிடுங்கள். மொத்தத் தூரம் அதே 1000 மீட்டர்தான். ஒவ்வொரு 50-க்கும் பிறகு கிடைக்கும் 15, 20 விநாடியில் உடம்பு கொஞ்சம் ஆறும், பாட்டிலை எடுக்கவும் நேரம் இருக்கும். ஸ்ட்ரோக்கும் கடைசிவரை உருவம் கலையாமல் இருக்கும். ஓய்வு நேரத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிற்காமல், குளத்து ஓரம் ஏறி உட்காருங்கள். காற்றுப் பட்டால்தானே வியர்வை ஆவியாகும்? கோச் முறைத்தால் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

வேகத்துக்குப் புதிய அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் குளத்துக்குப் பழக இரண்டு வாரம் விட்டுவிட்டு, ஒரு காலையில் 400 மீட்டரும், நல்ல ஓய்வுக்குப் பிறகு 200 மீட்டரும் முழு முயற்சியில் நீந்திப் பாருங்கள். 400-க்கு 8 நிமிடம், 200-க்கு 3 நிமிடம் 48 விநாடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 நிமிடம் 12 விநாடி, அதாவது 252 விநாடி. இது கூடுதல் 200 மீட்டருக்கான நேரம், அதில் பாதி 126. ஆக 100 மீட்டருக்கு 2:06 என்பது நீங்கள் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். இனி 100 மீட்டர் செட்டுகளை 2:25 இடைவெளியில் கிளம்பலாம், அதாவது நீந்துவதும் ஓய்வும் சேர்த்து ஒவ்வொரு 100-க்கும் 2:25. குளிர்காலத்தில் 2:10 இடைவெளியில் கிளம்பியது நினைவுக்கு வந்து உறுத்தும். அது வேறு குளம், வேறு தண்ணீர்.

ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு நீந்துகிறவர்கள் இதயத் துடிப்பை நம்பி ஓட வேண்டாம். தண்ணீரில் கிடைமட்டமாக இருக்கும்போது துடிப்பு தரையைவிடக் குறைவாகக் காட்டும், சூடான தண்ணீர் அதை ஏற்றியும் விடும், மணிக்கட்டு சென்சாரோ கையை வீசி நீந்தும்போது தடுமாறும். இந்தக் குழப்பத்தைவிட, செட் முடிந்ததும் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா என்று பார்ப்பது நம்பகமான சோதனை. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை தூரத்தையும் வேகத்தையும் கோச் கேட்பதைவிடக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

லேன் விவகாரம் தனிக்கதை. விடுமுறைக் காலத்தில் குளத்தில் கூட்டம், மாஸ்டர்ஸ் குழுவுக்குக் கிடைப்பது இரண்டு லேன், ஒன்றில் ஏழு பேர். 25 மீட்டரில் முன்னால் போகிறவரை அடுத்த சுவரில் முந்திவிடலாம். 50 மீட்டரில் அந்தச் சுவர் வர ஒரு யுகம் ஆகும். ஆகவே கிளம்பும் வரிசை சரியாக இருக்க வேண்டும், வேகமானவர் முன்னால், ஆளுக்கு ஆள் பத்து விநாடி இடைவெளி. பின்னால் வருகிறவர் காலைத் தொட்டால் அடுத்த சுவரில் மூலைக்கு ஒதுங்கி வழிவிடுங்கள். நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவர் ஒருவர் போதும், ஏழு பேரின் செட்டும் குலையும். "நான் மெதுவாகத்தான் நீந்துவேன், நீங்கள் முன்னால் போங்கள்" என்று பணிவோடு வழிவிட்டு, பிறகு முழு 50 மீட்டரும் நம் பாதத்தைச் சுரண்டிக்கொண்டே வருகிறவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. அடுத்த ரவுண்டில் அவரைப் பிடித்து முன்னால் தள்ளுங்கள். பணிவு தரையோடு நிற்கட்டும்.

திறந்தவெளியில் பேக்ஸ்ட்ரோக் நீந்துவது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். உள்ளரங்கில் கூரையின் கோடு வழிகாட்டியது. இங்கே மேலே வானம் மட்டும். நேராகப் போகிறோம் என்று நினைத்தபடியே லேன் கயிற்றில் மோதுவோம். கயிற்றை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, தலையை அசைக்காமல் போகப் பழக வேண்டும். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தொங்கும் கொடிகளிலிருந்து சுவர் வரை உங்களுக்கு எத்தனை கை ஆகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கூசவைக்கும் வெயிலுக்கு, பாதரசப் பூச்சுப் போலப் பளபளக்கும் மிரர் காகிள்ஸ் நல்லது. அதே காகிள்ஸை விடியுமுன் இருட்டில் போட்டால் சுவரே தெரியாது, ஆகவே பையில் வெளிர் நிறத்தில் இன்னொன்றும் இருக்கட்டும். உள்பக்கம் விரலால் தேய்க்காதீர்கள், பனி படியாமல் இருக்கப் பூசிய பூச்சு போய்விடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தால் ரப்பர் ஓரம் கோணி, தண்ணீர் கசிய ஆரம்பிக்கும்.

சன்ஸ்கிரீன் பற்றிச் சுருக்கமாக. எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல், நீரில் தாங்கக்கூடியது என்று எழுதியிருக்க வேண்டும். லேபிளில் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்று போட்டிருந்தால் அவ்வளவு நேரம்தான் தாங்கும். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசுங்கள். பூசிய கையோடு குதித்தால் பாதி குளத்து மேல்பரப்பில் எண்ணெய்ப் படலமாக மிதக்கும், அதை அடுத்தவர் வாயில் வாங்குவார். ஃப்ரீஸ்டைல்காரர்களுக்குப் பின்கழுத்து, தோளின் பின்பக்கம், முழங்காலின் பின்பக்கம், கேப் இல்லாதவர்களுக்குக் காதின் மேல்விளிம்பு, இவைதான் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள். என்னைக் கேட்டால் நீளக்கை உள்ள, உடம்போடு ஒட்டிய நீச்சல் மேல்சட்டை இதைவிட மேல். கொஞ்சம் இழுவை கூடும், அதனால் என்ன, பயிற்சிதானே!

குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் குளம் சுத்தமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. அந்த வாடை, வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களுடையது. கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் அவைதான் காரணம். கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் இதுவும் அதிகம். போதாக்குறைக்கு வெயில் குளோரினையே சிதைத்துவிடும். வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் கலக்காத திறந்தவெளிக் குளத்தில், நல்ல வெயிலில் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். அறிவிப்புப் பலகையில் குளோரின், பி.எச் (அமில-காரத் தன்மை) அளவுகளை எழுதிவைக்கும் குளம் என்றால் அதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பி.எச் 7-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆழமான பக்கத்தில் அடித்தளக் கறுப்புக் கோடு தெளிவாகத் தெரியவில்லை என்றால் அன்று நீந்தாமல் திரும்பிவிடுங்கள். உங்கள் பங்குக்கு, இறங்குமுன் ஒரு நிமிடமாவது ஷவரில் நில்லுங்கள். முடி முதலில் நல்ல தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால் குளத்துத் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும்.

காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து, காது மடலை லேசாக இழுத்து வடியவிடுங்கள். பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம். மடலை இழுத்தாலே வலிக்கிறது என்றால் அது வெளிக்காதுத் தொற்று, மருத்துவரிடம் காட்டுங்கள். நீச்சல் உடையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். பாலியஸ்டர் சூட் லைக்ராவைவிடப் பல மடங்கு உழைக்கும். இதற்கு மேல் உபகரணங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தோள் மட்டும் கவனம். சுவர் குறைந்தால் கை அதிகம். அதே 2000 மீட்டர் பயிற்சியில் 50 மீட்டர் குளத்தில் நீங்கள் போடும் கைகளின் எண்ணிக்கை கணிசமாகக் கூடுகிறது. நாற்பதைத் தாண்டிய தோளின் சுழல்தசைநார்கள் இந்தத் திடீர் கூடுதலை விரும்புவதில்லை. முதல் மூன்று வாரம் கையில் மாட்டி நீந்தும் தட்டுகளான பேடில்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கை உள்ளே நுழையும்போது நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போகிறதா, கட்டைவிரல் முதலில் நுழைகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே தோளை நசுக்கும். நீந்தி முடித்த பிறகு இருக்கும் பொதுவான வலி பரவாயில்லை. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாத வலி என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

அபாயத்தைப் பற்றி நேராகவே பேசிவிடலாம். ஃப்ரான் கிரிப்பன் என்ற அமெரிக்க நீச்சல் வீரர், 26 வயது, 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் திறந்தநீர்ப் போட்டியில் வெதுவெதுப்பான கடலில் உயிரிழந்தார். அதன் பிறகுதான் திறந்தநீர்ப் போட்டிகளுக்கு 31 டிகிரி என்ற மேல்வரம்பு வந்தது. அவ்வளவு பயிற்சி பெற்ற இளைஞருக்கே தண்ணீரின் சூடு ஆபத்தாக முடிந்திருக்கிறது. சூடான தண்ணீரில் திடீரென்று குளிர்வதுபோல மயிர்க்கூச்செறிந்தாலோ, குமட்டினாலோ, எத்தனை லேப் முடித்தோம் என்ற கணக்கு குழம்பினாலோ, செட்டை முடித்துவிட்டு ஏறலாம் என்று இருக்காதீர்கள். உடனே சுவரைப் பிடியுங்கள், பக்கத்து ஆளிடம் சொல்லுங்கள், நிழலுக்குப் போங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பெருக்கி மாத்திரையோ பீட்டா பிளாக்கரோ எடுக்கிறவர்கள் கோடைப் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது அவசியம். முதலாவது நீர் இழப்பைக் கூட்டும், இரண்டாவது இதயத் துடிப்பை அடக்கிவைத்து உங்கள் கணக்கைத் தவறாக்கும். மார்பில் இறுக்கம் வந்தால் அதற்கு வெயிலைக் காரணம் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இடி கேட்டால் வெளியே வந்துவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் உள்ளே இறங்கக் கூடாது. லைஃப் கார்டிடம் இதற்காகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கோச் விடுப்பில் போவார், பிள்ளைகளுக்கு விடுமுறை, ஊருக்குப் போக வேண்டும், குளமே ஒரு வாரம் பராமரிப்புக்கு மூடும். கோடையில் தொடர்ச்சி உடைவது சகஜம். இடைவெளி விழுந்தால் முதலில் மழுங்குவது தண்ணீரைப் பிடிக்கும் கையின் உணர்வு. மூச்சுத் திறன் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆகவே போகிற இடத்தில் பத்து மீட்டர் குளம் கிடைத்தாலும் இருபது நிமிடம் இறங்கி மெதுவாக ஸ்கல்லிங் (உள்ளங்கையால் தண்ணீரை இருபுறமும் வருடுவது), ஒரு கை டிரில் என்று செய்யுங்கள். ரப்பர் பேண்டில் தோள் பயிற்சி எங்கும் செய்யலாம். திரும்பி வந்த முதல் நாளே விட்ட தூரத்தை எல்லாம் சேர்த்துப் பிடிக்க நினைப்பதுதான் தோளுக்குக் கேடு.

கடைசியாக, போட்டி. தாராளமாகப் பெயர் கொடுங்கள். மாஸ்டர்ஸ் நீச்சல் தொடங்கியதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். 1970-ல் அமெரிக்காவின் அமரில்லோ நகரில் முதல் தேசிய மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவரான ரான்சம் ஆர்தர் ஒரு கடற்படை மருத்துவர். வயது வந்தவர்கள் உடம்பைப் பேண ஓர் இலக்கு வேண்டும் என்பது அவர் எண்ணம். ஃபினாவின் முதல் உலக மாஸ்டர்ஸ் போட்டி 1986-ல் டோக்கியோவில் நடந்தது. உலக அளவில் 25 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. வயது ஏறுவதைக் கொண்டாடுகிற வேறு விளையாட்டு எனக்குத் தெரிந்து குறைவு. 49 வயதுக்காரர், அடுத்த ஆண்டு 50-54 பிரிவில் தான்தான் இளையவர் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பார். ரிலேயில் நாலு பேரின் வயதையும் கூட்டித்தான் பிரிவு, 120 முதல் 159, 160 முதல் 199 என்று போகும். கூட்டுத்தொகை இன்னும் சில வயது போதாதபோது எழுபது வயதுக்காரருக்கு வரும் கிராக்கியைப் பார்க்க வேண்டும்! ஜப்பானின் மியேகோ நகாவோகா எண்பது வயதுக்கு மேல் நீந்த ஆரம்பித்து, 2015-ல் தன் 100-வது வயதில் 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டரை 1 மணி 15 நிமிடம் 54 விநாடியில் முடித்தார்.

முதல் போட்டி என்பதால் 50 மீட்டரும் 100 மீட்டரும் போதும். 200-ஐ வெயில் இல்லாத பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்டிங் பிளாக்கில் ஏறிக் குதிக்கப் பயமாக இருந்தால் குதிக்கத் தேவையில்லை, தண்ணீருக்குள் சுவரைப் பிடித்தபடி கிளம்ப மாஸ்டர்ஸ் விதியில் இடம் இருக்கிறது. பட்டர்ஃபிளையில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதை போடவும் அனுமதி உண்டு. பதிவுப் படிவத்தில் உங்கள் நேரத்தைக் கேட்பார்கள். குளிர்காலத்தின் 25 மீட்டர் நேரத்தைக் கொடுத்தால் உங்களைவிட வேகமானவர்களின் ஹீட்டில் (ஒரே சுற்றில் சேர்ந்து நீந்தும் குழு) போட்டுவிடுவார்கள். இந்த மாதம் 50 மீட்டர் குளத்தில் எடுத்த நேரத்தையே எழுதுங்கள். போட்டியன்று உங்கள் ஹீட்டைக் கூப்பிடும்வரை நிழலில் உட்காருங்கள். வார்ம் அப்பை 400 மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம், தண்ணீர் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும்.